ஓய்வுக்குப் பின் நிரந்தரமாக அமெரிக்கா: புறப்படும் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

நான் பட்டுக்கோட்டைக்கு அருகே அரசுப் பள்ளிகளில் 32 ஆண்டுகள் பாடம் நடத்தி 2010-ல் ஓய்வு பெற்றவள். கணவர் மின்வாரியத்தில் வேலை பார்த்தவர். ஒரே மகள் அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலத்தில் குடும்பத்தோடு இருக்கிறாள். 2017 செப்டம்பரில் கிரீன் கார்டுக்கான (அமெரிக்காவில் நிரந்தரமாக வசிக்கும் அனுமதிக்கான) விசாவுடன் நாங்கள் இருவரும் அவளிடம் வந்து சேர்ந்தோம். அன்றுமுதல் ஊரிலிருந்து வரும் அழைப்புகளில் பாதிக்குமேல் ஒரே கேள்விதான்: "டீச்சர், பையன் நிரந்தரமாக வந்துவிடச் சொல்கிறான். போகலாமா?"

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே வரிசையாக எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது அமெரிக்கா. கனடாவின் பெற்றோருக்கான சூப்பர் விசாவில் ஒருமுறை நுழைந்தால் 5 ஆண்டுவரை தங்கலாம். ஆஸ்திரேலியாவில் பெற்றோருக்கான சாதாரண விசாவின் வரிசை முப்பது ஆண்டைத் தொடுகிறது. அந்த நாடுகளுக்குப் போகிறவர்கள் விசா பற்றிய பகுதியைத் தாண்டிவிட்டு மற்றவற்றைப் படியுங்கள்.

முதலில் ஒரு குளிர்காலம் இருந்து பாருங்கள்

பெரும்பாலான பெற்றோர் முதன்முறை வருவது மே, ஜூன் மாதங்களில். பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, இரவு எட்டரை மணிவரை வெளிச்சம், வாரந்தோறும் ஏதாவது ஓர் ஊர்சுற்றல். அதைப் பார்த்துவிட்டு 'இங்கேயே இருந்துவிடலாம்' என்று முடிவெடுப்பது, பொங்கலுக்கு வந்தவர் தஞ்சாவூர் வெயிலைப் பற்றி முடிவு சொல்வதைப் போன்றது.

நவம்பரில் வந்து மார்ச்வரை இருங்கள். விசிட்டர் விசாவில் நுழையும்போது பொதுவாக 6 மாதம் தங்க அனுமதி கிடைக்கும். டிசம்பரில் நியூ ஜெர்சியில் மாலை நாலரைக்கே சூரியன் மறைந்துவிடும். காலை எட்டு மணிக்கு மகளும் மாப்பிள்ளையும் வேலைக்கும், குழந்தைகள் பள்ளிக்கும் போய்விட்டால், வீட்டில் ஹீட்டர் ஓடும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இருக்காது. கீரைக்காரம்மா குரல் இல்லை, தெருவில் சைக்கிள் மணி இல்லை, எதிர்வீட்டு டிவி இல்லை. ஜன்னல்கள் அடைத்தே இருக்கும். அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு உங்கள் மனம் என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். நீங்கள் எடுக்கப்போகும் முடிவுக்கு அந்த மதியப் பொழுதுதான் சரியான உரைகல்.

இந்த முதல் பயணத்தில் ஓர் எச்சரிக்கை. விசிட்டர் விசாவில் நுழையும்போதே அங்கேயே தங்கிவிடும் திட்டத்தை மனத்தில் வைத்து, வந்தபின் கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்தால், அதிகாரியிடம் பொய் சொல்லி நுழைந்ததாகக் கருத இடமுண்டு. பார்த்துவிட்டுத் திரும்புங்கள். ஊரிலிருந்தே விண்ணப்பியுங்கள்.

கிரீன் கார்டா, வந்து போவதா?

பலர் சறுக்கும் இடம் இது. "ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே இருப்போம், கிரீன் கார்டு இருந்தால் விசா தொல்லை இல்லையே" என்கிறார்கள். கிரீன் கார்டைக் கொடுப்பது அமெரிக்காவில் வசிப்பதற்காக. தொடர்ந்து 6 மாதத்துக்கு மேல் வெளியே இருந்து திரும்பினால் விமான நிலையத்தில் கேள்வி வரும். ஓர் ஆண்டைத் தாண்டினால், முன்கூட்டி மறுநுழைவு அனுமதி வாங்கியிராவிட்டால், கார்டையே இழக்க நேரலாம். அந்த அனுமதிக்கு அமெரிக்காவில் இருக்கும்போதுதான் விண்ணப்பிக்க முடியும். அதிகபட்சம் 2 ஆண்டுக்குச் செல்லும். ஐந்தரை மாதம் ஐந்தரை மாதமாகப் பிரித்துக்கொண்டே போனாலும், உங்கள் வீடு எந்த நாட்டில் என்று ஒருநாள் அதிகாரி கேட்பார்.

ஆகவே நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். வயல், கோயில் திருவிழா, கூடப்பிறந்தவர்கள் என்று ஆண்டில் பாதி ஊரில் இருந்தே தீரவேண்டும் என்றால் விசிட்டர் விசாவே உங்களுக்கு நல்லது. செலவும் குறைவு, வரிச் சிக்கலும் குறைவு. உடம்பு தளர்ந்துவிட்டது, ஊரில் பார்த்துக்கொள்ள ஆளில்லை, பிள்ளையோடு சேர்ந்தே இருக்கவேண்டும் என்ற நிலை இருந்தால் கிரீன் கார்டுக்குப் போங்கள்.

விண்ணப்பம் எப்படி நகர்கிறது

உங்கள் பிள்ளை அமெரிக்கக் குடியுரிமை பெற்றவராக, 21 வயது நிறைந்தவராக இருக்கவேண்டும். அவரே கிரீன் கார்டில் இருந்தால் பெற்றோருக்கு விண்ணப்பிக்க முடியாது. தாய்க்கும் தந்தைக்கும் தனித்தனியே, உறவுமுறையைக் காட்டும் ஐ-130 படிவம் போடவேண்டும். பெற்றோர் பிரிவுக்கு ஆண்டு வரம்பு இல்லை என்பதால் மற்ற உறவுகளைப் போல ஆண்டுக்கணக்கில் வரிசையில் நிற்கவேண்டியதில்லை.

அது ஒப்புதல் ஆனபின், ஐ-864 என்ற பொருளாதார ஆதரவு உறுதிமொழியைப் பிள்ளை கையெழுத்திட்டுத் தருவார். அரசு வகுத்துள்ள வறுமைக்கோட்டு வருமானத்தில் குறைந்தது 125 விழுக்காடு தன்னிடம் இருப்பதாக அவர் காட்டவேண்டும். குடும்ப எண்ணிக்கையில் உங்கள் இருவரையும் சேர்த்துத்தான் கணக்கு. இந்த உறுதிமொழி சாதாரணக் காகிதம் அன்று. நீங்கள் குடியுரிமை பெறும்வரை, அல்லது 10 ஆண்டுக்குச் சமமான வேலைக்கணக்கு உங்களுக்குச் சேரும்வரை அது அவரைக் கட்டுப்படுத்தும். மகள் தனியாகக் கையெழுத்திட்டாலும் மாப்பிள்ளைக்கும் இது தெரிந்திருக்கவேண்டும்.

பிறகு இணையத்தில் விசா படிவம், பாஸ்போர்ட் அலுவலகத்தில் போலீஸ் நன்னடத்தைச் சான்று, தூதரகம் குறிப்பிடும் மருத்துவரிடம் பரிசோதனையும் தடுப்பூசியும், கடைசியாக நேர்காணல். குடியேற்ற விசா நேர்காணல் எங்களுக்கு மும்பையில்தான் நடந்தது. சென்னையிலேயே முடிந்துவிடும் என்று எண்ணிப் பயணத்தைத் திட்டமிடாதீர்கள்.

பெயர்களைச் சரிசெய்ய ஆறு மாதம் ஒதுக்குங்கள்

விண்ணப்பத்தில் எங்களை மிகவும் அலைக்கழித்தது பெயர்தான். நம்மிடம் முன்னெழுத்து உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. அமெரிக்கப் படிவத்திலோ முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். என் மகளின் பிறப்புச் சான்றிதழில் 'தாய் பெயர்' என்ற இடத்தில் வீட்டில் அழைக்கும் பெயர் எழுதியிருந்தது. பள்ளிச் சான்றிதழில் என் அப்பாவின் முன்னெழுத்து. பணிப்பதிவேட்டில் கல்யாணத்துக்குப் பின் மாறிய கணவரின் முன்னெழுத்து. பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் முழுமையாக விரிந்து கடைசிப் பெயராக உட்கார்ந்திருந்தது. நான்கும் ஒரே ஆள் என்று நிரூபிக்கவேண்டிய பொறுப்பு என்னுடையது.

இப்போதே மேசைமேல் எல்லாவற்றையும் பரப்புங்கள்: இருவர் பாஸ்போர்ட், ஆதார், பான், பள்ளிச் சான்றிதழ், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பிள்ளையின் பிறப்புப் பதிவில் குழந்தையின் பெயரே இல்லாமல் 'பெண் குழந்தை' என்று மட்டும் இருப்பது நம் தலைமுறையில் சாதாரணம். இப்போது பெயரைச் சேர்க்க வழி உண்டா என்று நகராட்சியில் கேளுங்கள். பதிவே இல்லை என்றால், பதிவு இல்லை என்பதற்கான சான்றை வாங்கி, பிறப்பை நேரில் அறிந்த மூத்த உறவினர்களின் உறுதிமொழிப் பத்திரத்தையும் பள்ளி ஆவணத்தையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். அந்த மூத்த உறவினர் உயிரோடும் நினைவோடும் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். எனக்குக் கையெழுத்திட்ட என் பெரியம்மா அடுத்த ஆண்டு இல்லை.

தந்தைக்கான விண்ணப்பத்துக்குத் திருமணச் சான்றிதழும் தேவை. பழைய கல்யாணங்களில் பத்திரிகையும் போட்டோவும்தான் இருக்கும். நாற்பது ஆண்டு கழித்தும் சார்பதிவாளர் அலுவலகத்தில் இந்துத் திருமணச் சட்டப்படி பதிவு செய்யமுடியும். நாங்கள் செய்தோம். அன்று மாலை வீட்டுக்கு வரும் வழியில் கணவர் அரைக்கிலோ அல்வா வாங்கினார்.

பயணத்துக்கு முன் நடக்கவேண்டிய பேச்சு

விசா வந்துவிட்ட மகிழ்ச்சியில் யாரும் இதைப் பேசுவதில்லை. நான் பேசினேன். என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

மகள் வீட்டில் நிரந்தரமாகத் தங்குவதா என்று என் கணவருக்குத் தயக்கம் இருந்தது. ஊர் என்ன சொல்லும் என்பதைவிட, மாப்பிள்ளை என்ன நினைப்பார் என்பது அவர் கவலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் நான்கு பேரும் உட்கார்ந்தோம். நான் நேராகவே கேட்டேன்: "மாப்பிள்ளை, உங்கள் அப்பா அம்மாவும் ஒருநாள் வரவேண்டியிருக்குமே. அப்போது என்ன செய்வோம்?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அத்தை, அதை நான்தான் முதலில் கேட்டிருக்கவேண்டும். கீழ்த்தளத்தில் இன்னோர் அறை கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறேன்." அந்த ஒரு பதிலில் என் கணவரின் முகம் தெளிந்தது.

பேசவேண்டியவற்றைச் சொல்கிறேன். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது எத்தனை மணி நேரம், எந்த நாள் உங்களுக்கு ஓய்வு. சமையலறை யாருடையது. வீட்டுச் செலவுக்கு நீங்கள் பணம் தருவதா, தந்தால் எவ்வளவு. ஊருக்கு ஆண்டுக்கு ஒருமுறை டிக்கெட் யார் செலவில். உங்களுக்குத் தனி அறை, முடிந்தால் தரைத்தளத்தில், பக்கத்திலேயே குளியலறையுடன் உண்டா. பிள்ளைக்கு வேலை போனால் அல்லது வேறு மாநிலத்துக்கு மாறினால் நீங்கள் என்ன செய்வீர்கள். கடைசியாக, யாரும் வாய்திறக்க விரும்பாதது: அங்கே உயிர் போனால் தகனம் எங்கே. நாங்கள் அங்கேயே என்று முடிவு செய்து எழுதிவைத்துவிட்டோம். உடலை இந்தியா கொண்டுபோக வேண்டுமென்றால் பதப்படுத்துதல், இந்தியத் துணைத்தூதரகத்தின் அனுமதி, விமான நிறுவனம் என்று துக்கத்தின் நடுவே பிள்ளை ஓடவேண்டியிருக்கும்.

பணம்: ஊரில் செய்யவேண்டியது

நிரந்தரமாகப் போய்விட்டால் அந்நியச் செலாவணிச் சட்டப்படி நீங்கள் வெளிநாடுவாழ் இந்தியர். உங்கள் சேமிப்புக் கணக்கை, வெளிநாடுவாழ் இந்தியர் உள்ளூர் வருமானத்துக்கு வைத்திருக்கும் என்ஆர்ஓ கணக்காக மாற்றவேண்டும். சொல்லாமல் பழைய கணக்கையே வைத்திருப்பது சட்டமீறல். பென்ஷன் என்ஆர்ஓ கணக்கில் வரும்; தடை இல்லை. ஆனால் வட்டிக்கு வங்கி 30 விழுக்காடும் மேல்வரியும் பிடித்துவிடும். மூத்த குடிமக்களுக்கான கூடுதல் வரிவிலக்கு வரம்பும் வட்டிச் சலுகையும் இந்தியாவில் வசிப்போருக்கு மட்டுமே. வரிக்கணக்குத் தாக்கல் செய்துதான் கூடுதலாகப் பிடித்ததைத் திரும்பப் பெறமுடியும். பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) இருந்தால் முதிர்வுவரை விட்டுவைக்கலாம். புதிதாகத் தொடங்க முடியாது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்திலும் புதிய கணக்கு இனி இல்லை. என்ஆர்ஓ கணக்கிலிருந்து வரி கட்டியபின் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர்வரை வெளியே கொண்டுபோகலாம், எனவே பணம் இந்தியாவில் மாட்டிக்கொள்ளுமோ என்ற பயம் வேண்டாம்.

சிறிய விஷயம், ஆனால் இதில் சிக்காதவர் இல்லை: வங்கியில் கொடுத்த கைபேசி எண். ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். புறப்படும் முன் சர்வதேச ரோமிங் போட்டு, எண் செத்துவிடாமல் தொடர்ந்து ரீசார்ஜ் செய்யுங்கள். எங்கள் எண் ஒருமுறை முடங்கி, நான்கு மாதம் பென்ஷன் கணக்கைத் திறந்து பார்க்கக்கூட முடியவில்லை. ஊருக்குப் போய் நேரில் நின்றபின்தான் சரியானது.

ஓய்வூதியர் ஆண்டுக்கு ஒருமுறை தரவேண்டிய உயிர்வாழ் சான்றிதழுக்கு இந்தியத் துணைத்தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பலாம். கருவூலத்தில் உங்கள் வெளிநாட்டு முகவரியை எழுத்தில் கொடுத்துவிட்டு, ஒப்புகையை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

பணம்: அமெரிக்கா கேட்பது

கிரீன் கார்டு வாங்கிய நாள்முதல் உலகில் எங்கே வருமானம் வந்தாலும் அமெரிக்க வரிக்கணக்கில் காட்டவேண்டும். ஊரில் வரும் வாடகை, வைப்புநிதி வட்டி, பென்ஷன் எல்லாம் அடக்கம். இந்தியாவில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள வழி உண்டு என்பதால் இரட்டைச் சுமை பெரும்பாலும் வராது. ஆனால் காட்டாமல் விட்டால் அபராதம் கடுமையானது. வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாவற்றையும் சேர்த்து ஆண்டில் ஒரே ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் என்ற தனி அறிக்கை கொடுக்கவேண்டும். வைப்புநிதி, கூட்டுக்கணக்கு, தம்பிக்கு உதவியாக உங்கள் பெயரைச் சேர்த்த கணக்கு எல்லாம் அதில் வரும். ஓய்வூதியப் பணிக்கொடையை வைப்பில் போட்டிருக்கும் எந்தக் குடும்பமும் இந்த வரம்பைத் தாண்டிவிடும்.

இந்திய மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு அமெரிக்க வரிச்சட்டத்தில் தனிக் கெடுபிடி இருக்கிறது. புறப்படும் முன்பே, இந்தியாவில் வசிப்பவராக இருக்கும்போதே, அவற்றை என்ன செய்வது என்று இரு நாட்டு வரியும் தெரிந்த ஒரு கணக்காளரிடம் கேளுங்கள். அந்தக் கட்டணத்தைச் செலவாக நினைக்கவேண்டாம்.

உடம்பு: மருத்துவக் காப்பீடு இல்லாமல் ஒரு நாளும் இருக்காதீர்கள்

65 வயதானவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் உங்களுக்கு உடனே கிடைக்காது. கிரீன் கார்டுடன் 5 ஆண்டு தொடர்ந்து வசித்தபின்தான் பணம் கட்டிச் சேரலாம். அமெரிக்காவில் 10 ஆண்டு வேலைசெய்து வரி கட்டியவர்களுக்கு அதில் மருத்துவமனைச் செலவுக்கான பகுதி இலவசம். நமக்கு அப்படி இல்லை. 2025-ல் அந்தப் பகுதிக்கு ஆளுக்கு மாதம் 518 டாலர், மருத்துவர் செலவுக்கான பகுதிக்கு 185 டாலர். இருவருக்கும் பெருக்கிப் பாருங்கள். 5 ஆண்டு நிறையும் மாதத்தை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். தாமதமாகச் சேர்ந்தால் தண்டத்தொகை கூடும்.

அதுவரை என்ன செய்வது? மாநிலக் காப்பீட்டுச் சந்தையில் (திட்டங்களை ஒப்பிட்டு வாங்கும் அரசுத் தளம்) திட்டம் வாங்கவேண்டும். குடியேறி வந்தவர்களுக்கு வந்த நாளிலிருந்து 60 நாள் சிறப்பு அவகாசம் உண்டு. சர்க்கரை, இரத்த அழுத்தம், பழைய இதய அறுவை எதுவாக இருந்தாலும் மறுக்க முடியாது. விசிட்டர் காப்பீடுகள் பழைய நோய்க்குப் பொதுவாகப் பணம் தருவதில்லை, அதனால் அவற்றை முதல் மாத இடைவெளிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அரசின் சலுகை உங்கள் வருமானத்தைப் பொறுத்தது. மகள் தன் வரிக்கணக்கில் உங்களைச் சார்ந்தோராகக் காட்டினால் அவள் வருமானமும் உங்கள் கணக்கில் சேர்ந்து சலுகை போய்விடலாம். எது லாபம் என்று இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள். சலுகை விதிகள் அடிக்கடி மாறுகின்றன, எனவே பக்கத்து வீட்டுக்காரர் மூன்று ஆண்டுக்கு முன் கட்டிய தொகையை நம்பாதீர்கள். ஏழைகளுக்கான மெடிகெயிட் திட்டத்துக்கும் பொதுவாக 5 ஆண்டு காத்திருப்பு.

புறப்படும் முன் ஊரிலேயே முடிக்கவேண்டியவை: பல், கண்புரை, மூக்குக்கண்ணாடி, காதுக்கருவி. அரசே நேரடியாக நடத்தும் அசல் மெடிகேர் வழக்கமான பல் சிகிச்சைக்கும் காதுக்கருவிக்கும் பணம் தராது. நான் இரண்டு பற்களுக்கு வேர் சிகிச்சை முடித்துவிட்டு வந்தேன். கணவர் "பிறகு பார்க்கலாம்" என்றார். அவருக்கு இங்கே ஒரு பல்லுக்கு ஆன செலவில் சென்னைக்குப் போய் வந்திருக்கலாம். மூன்று மாத மருந்தும், மருந்தின் வேதிப்பெயர் எழுதிய மருத்துவர் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும். நம் ஊர் வணிகப் பெயரை இங்குள்ள மருந்தாளுநர் அறியமாட்டார்.

வீட்டை விற்காதீர்கள்

இது என் அழுத்தமான கருத்து. முதல் இரண்டு குளிர்காலம் முடியும்வரை வீட்டை விற்கவேண்டாம். திரும்பிப் போக ஓர் இடம் இருக்கிறது என்ற நினைப்பே இங்கே நிம்மதியாக இருக்க உதவும். எங்களோடு ஒரே ஆண்டு வந்த ஒரு தம்பதி, வீட்டை விற்ற பணத்தை இங்கே பிள்ளையின் வீட்டுக்கடனில் போட்டார்கள். பதினான்கு மாதத்தில் திரும்பினார்கள், வாடகை வீட்டுக்கு.

புறப்படும் முன், நம்பகமான ஒருவர் பெயரில் பொது அதிகார ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவுசெய்துவிடுங்கள். வாடகை வசூல், வரி கட்டுதல், மின் இணைப்பு போன்றவற்றுக்கு மட்டும் கொடுங்கள். விற்கும் அதிகாரத்தைச் சேர்க்காதீர்கள். இங்கிருந்து செய்தால் துணைத்தூதரகத்தில் கையெழுத்திட்டு, ஆவணம் இந்தியா போய்ச்சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத்தாள் தீர்வை கட்டவேண்டும். வில்லங்கச் சான்று, பட்டா, மூலப்பத்திரம் ஆகியவற்றின் நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். உயில் எழுதிப் பதிவு செய்யுங்கள்.

விவசாய நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். வெளிநாடுவாழ் இந்தியர் ஆனபின் உங்கள் நிலத்தை வைத்துக்கொள்ளலாம், வாரிசாகவும் பெறலாம். புதிதாக விவசாய நிலம் வாங்க முடியாது. பக்கத்து வயலை வாங்கிச் சேர்க்கும் எண்ணம் இருந்தால் அதை இப்போதே முடியுங்கள்.

வந்து இறங்கிய பின்

அமெரிக்க அரசு ஒவ்வொருவருக்கும் தரும் சோஷியல் செக்யூரிட்டி எண் வந்ததும் வங்கியில் உங்கள் பெயரில் தனிக்கணக்குத் தொடங்குங்கள். பிள்ளையின் கூடுதல் கார்டு போதாது. வண்டி ஓட்டாவிட்டாலும் மாநில அடையாள அட்டை வாங்குங்கள். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அலையவேண்டியதில்லை. நியூ ஜெர்சியில் 62 வயதானவர்களுக்குப் பஸ், ரயிலில் கட்டணச் சலுகை உண்டு.

இப்போது சாவி. வந்தபின் முதல் ஜனவரியில், காலை பதினோரு மணிக்கு, தபால் பெட்டியைப் பார்க்க வீட்டுச் செருப்போடும் மெல்லிய ஸ்வெட்டரோடும் வெளியே போனேன். காற்றில் கதவு சாத்திக்கொண்டது. பூட்டு தானாக விழும் வகை. கணவர் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார். மணியை அழுத்தினேன், அவருக்குக் கேட்கவில்லை. வாசற்படியில் பனி இறுகிக் கண்ணாடிபோல் கிடந்தது. என்னிடம் போன் இல்லை. மகளின் எண் எனக்கு மனப்பாடம் இல்லை. விரல்நுனிகள் முதலில் வலித்தன, பிறகு வலி நின்றுபோனது; அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. மூன்றாவது வீட்டுக் கதவைத் தட்டினேன். அதுவரை முகம்பார்த்துப் பேசியிராத ஒரு வயதான அம்மையார் திறந்து, எதுவும் கேட்காமல் கம்பளியை எடுத்துப் போர்த்தினார். அரை மணி கழித்துக் கணவர் விழித்துத் தேடிக்கொண்டு வந்தார்.

அன்று மாலையே சாவியை ஒரு கயிற்றில் கோத்துக் கதவின் பக்கத்து ஆணியில் மாட்டினேன். அது கழுத்தில் ஏறாமல் நான் வாசலைத் தாண்டுவதில்லை. மகளின் எண், மாப்பிள்ளையின் எண், வீட்டு முகவரி மூன்றையும் நெட்டுருப் போட்டேன். அவசரத்துக்கு 911 என்பதையும், முகவரியை ஆங்கிலத்தில் தெளிவாகச் சொல்வதையும் கணவருக்குப் பத்துநாள் பயிற்சி கொடுத்தேன். நீங்கள் வந்த முதல் வாரத்திலேயே இவற்றைச் செய்யுங்கள். அந்த அம்மையாரோடு இன்றும் வாரம் ஒருநாள் தேநீர் குடிக்கிறேன்.

நடக்க நடைபாதை இல்லாத புறநகர்கள் பல உண்டு. வீடு வாங்கும் நிலையில் உங்கள் பிள்ளை இருந்தால், நூலகத்துக்கோ கடைக்கோ நீங்கள் நடந்து போகக்கூடிய இடமாகப் பார்க்கச் சொல்லுங்கள். பெரிய சமையலறையைவிட அது உங்களுக்கு முக்கியம். பொது நூலகங்களில் இலவச ஆங்கில உரையாடல் வகுப்புகள் நடக்கின்றன. பேசத் தெரியாது என்று கூச்சப்படாதீர்கள். அங்கே வருகிற எல்லாரும் வேறு மொழிக்காரர்கள்தான். ஊராட்சிகள் நடத்தும் முதியோர் மையங்களில் மதிய உணவு, யோகா, சீட்டாட்டம், வண்டி வசதிகூட உண்டு. வாரக்கடைசித் தமிழ்ப் பள்ளிகளில் சொல்லிக்கொடுக்க ஆள் எப்போதும் தேவை. நான் சனிக்கிழமை காலைகளில் இரண்டாம் நிலை பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். 'ழ' எழுதும்போது இங்குள்ள பிள்ளைகளும் நம் ஊர்ப் பிள்ளைகளைப் போலவே நாக்கை வெளியே நீட்டிக்கொள்கின்றன.

சமையலில் ஒன்று. இந்த வீடுகள் மரத்தால் கட்டியவை, கூரையில் புகைக்கருவி இருக்கும். மிளகாய் வற்றலைத் தாளித்தால் வீடே அலறும். அடுப்புக்கு மேலுள்ள விசிறியைப் போட்டு, ஜன்னலைத் திறந்த பிறகு எண்ணெயைக் காயவையுங்கள். கருவியின் பேட்டரியை ஒருபோதும் கழற்றாதீர்கள்.

ஊரும் இங்கும்

எது நல்லது என்று கேட்பவர்களுக்கு நான் தீர்ப்புச் சொல்வதில்லை, பார்த்ததைச் சொல்கிறேன். ஊரில் காய்ச்சல் வந்தால் மாலையே டாக்டரைப் பார்த்துவிடலாம்; இங்கே சிறப்பு மருத்துவரைப் பார்க்க வாரங்கள் ஆகும். ஆனால் கணவருக்கு நெஞ்சுவலி வந்த இரவில் ஆம்புலன்ஸ் சில நிமிடங்களில் வாசலில் நின்றது, யாரும் முன்பணம் கேட்கவில்லை. ஊரில் வேலைக்கு உதவி உண்டு. இங்கே பாத்திரமும் நாமே, குப்பையும் நாமே. சக்கர நாற்காலியில் இருப்பவர் கடை, பஸ், நூலகம், கழிப்பறை எல்லாவற்றுக்கும் இங்கே தானே போக முடிகிறது. ஊரில் என் அக்கா இடுப்பெலும்பு முறிந்தபின் வாசற்படி இறங்கவே இல்லை.

மொழிதான் ஈடுசெய்ய முடியாதது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் "எந்த ஊருக்கு?" என்று கேட்கும் சுகம் இங்கே இல்லை. குளிர்காலத்தில் இந்தியா நமக்குப் பத்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நான் காலை காப்பி போடும்போது அங்கே மாலை விளக்கு ஏற்றிவிடுகிறார்கள். தங்கை இறந்த செய்தி வந்தபோது இங்கே நள்ளிரவு. அடுத்த விமானம் பிடித்துப் போயும் எடுத்தபின்தான் சேர்ந்தேன். வருகிறவர்கள் இதை முன்பே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: பாஸ்போர்ட், கிரீன் கார்டு, டிக்கெட்டுக்கான பணம் மூன்றும் ஒரே உறையில் எப்போதும் தயாராக இருக்கட்டும்.

குடியுரிமை பற்றிக் கேட்பார்கள். 5 ஆண்டு கழித்து விண்ணப்பிக்கலாம். ஆங்கிலத்தில் தேர்வு உண்டு. 55 வயதும் கிரீன் கார்டுடன் 15 ஆண்டு வசிப்பும் சேர்ந்தவர்களுக்குச் சொந்த மொழியில் பதில் சொல்லச் சலுகை இருக்கிறது. 65-ல் வந்தவர்களுக்கு அது 80-ல்தான் உதவும். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அமெரிக்கக் குடியுரிமை பெற்றால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு ஓசிஐ அட்டை (இந்தியாவுக்கு விசா இல்லாமல் வந்துபோக உதவுவது) வாங்கிக்கொள்ளவேண்டும். நாங்கள் இருவரும் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்டில்தான் இருக்கிறோம். ஆண்டுதோறும் தை பிறக்கும் முன் புறப்பட்டு, பங்குனியில் திரும்பிவிடுகிறோம்.

ஊர் வீட்டின் ஒரு சாவி எதிர்வீட்டுத் தம்பியிடம் இருக்கிறது. மாதம் ஒருமுறை மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிடச் சொல்லியிருக்கிறோம். ஓடாமல் விட்டால் இறுகிப்போகும். ஓடவிட்டதும், தொட்டியில் தண்ணீர் விழும் சத்தத்தைப் பதிவுசெய்து அனுப்புவான். அது வந்ததும் கணவர் நாட்காட்டியில் அந்த மாதத்துக்கான கட்டத்தில் ஒரு கோடு போடுகிறார். நீங்களும் யாரிடமாவது இப்படிச் சொல்லிவைத்துவிட்டு வாருங்கள்.